பத்திரக்காரர் தம் உடலுக்கு வகுத்த நான்கெல்லை

பத்திரக்காரரின் உயிலைப் பற்றித் திருவண்ணாமலையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதில் சாட்சிக் கையொப்பமிட்டவன் நான். ஆகவே நடந்ததை எழுதிவைப்பது என் கடமையாகிறது.

இவ்வூரில் அவர் நான்கெல்லை அறியாத மனை ஒன்றும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்திற்கு எதிரே நாற்பதாண்டு கிரயப் பத்திரம் எழுதிய கை அது. பௌர்ணமியன்று கிரிவலம் வருவோர் இறைவன் திருப்பெயர் சொல்லி நடக்க, இவரோ, "இந்த லாட்ஜுக்கு வடக்கே பொதுப்பாதைங்க, கிழக்கே கிணறு. கிணத்தை மூடிட்டான்" என்று சொல்லிக்கொண்டே வருவார். மகள் செல்வியின் திருமண அழைப்பிதழில் மணமகனை "மேற்படியார்" என்றே குறித்திருந்தார். சம்பந்தி வீட்டார் ஒரு வாரம் பேசவில்லை.

நுரையீரல் நலிந்துவிட்டது, மூச்சு இனி மெல்லக் குறையும் என்று மருத்துவர் கூறிய மறுநாளே எழுதுகோலை எடுத்தார். தன்னுணர்வு இழந்து, மீள வழியில்லை என்னும் நிலை வந்தால் எம்மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்று முன்னரே எழுதிவைக்கும் ஆவணம் அது. ஊரார் 'லிவிங் வில்' என்பர். சாட்சி தேடியபோது, வீடு தனக்கு வரும் என்றிருந்த மருமகனை விலக்கினார். சுவர்த் தகராறு உள்ள அண்டை வீட்டாரையும் விலக்கினார். பிறகு என்னிடம் வந்தார்.

"நான் இருந்தாலும் போனாலும் உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல சார். இந்த மாதிரி சாட்சி கெடைக்கிறது கஷ்டம்."

நோட்டரி வழக்கறிஞர் ஆவணத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். 'வடக்கில் செயற்கைச் சுவாசக் கருவி, தெற்கில் டயாலிசிஸ், கிழக்கில் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல், மேற்கில் மூக்குவழி உணவுக் குழல். இந்நான்கெல்லைக்கு உட்பட்டு வலி தணித்தல் மட்டும்' என்றிருந்தது.

"ஐயா, இது நிலம் இல்லீங்க."

"எல்லை போடாம விட்டா டாக்டருங்க உள்ள வந்துடுவாங்க சார். நான் பாக்காத ஆக்கிரமிப்பா?"

எல்லைகள் நிலைத்தன. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அவரால் பேச இயலாதபோது அவருக்காகப் பேசவேண்டியவர் பெயரை எழுதுமிடம் வெறுமையாகக் கிடந்தது. செல்வி மறுத்துவிட்டாள்.

"மிஷினு வேணாம்னு என் வாயால சொல்லமாட்டேம்பா. நாளைக்கு நானே கொன்னுட்டேன்னு எனக்குத் தோணும்."

அவர் ஆவணத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

"நீ ஏம்மா சொல்லணும்? சொல்றது நான். பத்திரம் எழுதி முடிச்சதும் படிச்சுக் காட்றோமில்ல? அவ்ளோதான் உன் வேலை. படிச்சுக் காட்டினவங்க மேல இதுவரைக்கும் எவனும் கேஸ் போட்டதில்ல."

செல்வி அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவித் தன் பெயரை எழுதினாள்.

சென்ற மழைக்காலத்தில் நிமோனியா வந்தது. நினைவு தப்பிவிட்டது. கருவி பொருத்தினால் நாள்கள் நீளுமேயன்றி அவர் மீளமாட்டார் என்றார் மருத்துவர். செல்வி ஆவணத்தை விரித்து, வடக்கெல்லை, தெற்கெல்லை என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாள். செவிலியர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அதைக் கண்டு செல்வியும் சிரித்துவிட்டாள். கண்ணீர் வழிய, படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இத்தகைய ஆவணத்தை விதிப்படி ஆராயவேண்டிய மருத்துவர் குழுக்கள் இரண்டும் அதற்கு ஒப்பின. மூச்சுத்திணறல் தணிய மருந்து மட்டும் கொடுத்தனர். மூன்றாம் நாள் காலை, மகள் கையைப் பற்றியிருக்க, அமைதியாக அடங்கினார்.

"நான் சொல்லல சார், படிச்சேன்" என்று செல்வி என்னிடம் இருமுறை கூறினாள். ஆமாம் என்றேன்.

எல்லைகளின் திசையை நான் மாற்றி எழுதியிருக்கக்கூடும். அறிந்தோர் திருத்தி உதவுக. எதிரே அமர்த்தி ஒருமுறை படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள எனக்கு இப்போது ஆளில்லை.