மாமனாருக்கு இரண்டு தலை

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கம்ப்யூட்டர் பிடித்துப்போனதே அதனால்தான்; நிரல் எழுதுவதுகூட நானாகக் கற்றதுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தசமப் புள்ளி பாடம் வருவதற்குள் பள்ளியை விட்டு வந்துவிட்டேன். அந்தப் புள்ளி இத்தனை வருஷம் காத்திருந்து, சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து என்னைப் பிடித்தது.

பழைய வீடியோ கேசட்டுகளை பென்டிரைவில் ஏற்றிக்கொடுக்கும் கடை என்னுடையது. மச்சானுக்கு, அதாவது என் மனைவி செல்வியின் அண்ணனுக்கு, இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. தன் கல்யாணக் கேசட்டை மண்டபத்தில் பெரிய திரையில் போட வேண்டும் என்றார்.

செல்விக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. என் மாமனார் எல்லாப் போட்டோவிலும் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திவைத்த மாதிரி இருப்பார். மகன் தாலி கட்டும்போது மட்டும் சிரித்தார். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“எங்கப்பா சிரிக்கது நல்லாத் தெரியணும், என்ன?” என்றாள்.

பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்டு ஒரு கோடாக, இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். அப்படியே போட்டால் அசைகிற கையெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். அதைச் சரிசெய்ய இலவசமாக ஒரு பிளகின், அதாவது வீடியோ மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல், உண்டு. ஆனால் அது வெளிச்சத்தை 0 முதல் 255 வரை முழு எண்ணில்தான் கணக்குப் போடும். இருட்டுப் படத்தை வெளிச்சமாக்கினால் மாமனார் கன்னத்தில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து படிக்கட்டு விழுந்தது. எனவே எல்லாவற்றையும் 0 முதல் 1 வரை தசமத்தில் போடும்படி அந்த பிளகினையே மாற்றத் துணிந்தேன். (யாரும் கேட்கவில்லை.)

ஒரு மாதம் ஆனது. சோதிக்க, பனவடலிசத்திரத்துச் சொந்தங்கள் மேடையில் வரிசையாக நின்ற காட்சியை எடுத்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. நம் ஊர்க் கல்யாணத்தில் வீடியோ லைட் விழுந்தால் எவரும் இமைகூட அசைக்க மாட்டார்கள் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. முழுக் கேசட்டையும் அந்த பிளகினில் ஓட்டி, பார்க்காமலேயே மண்டபத்துக்குக் கொண்டுபோனேன்.

திரையில் தாலி கட்டும் காட்சி வந்தது. மச்சானுக்கு நாலு கை.

“ஏலே, தாலி கட்டுதது முருகன்லா!” என்று பின்வரிசையில் ஒரு குரல். மண்டபமே சிரித்தது. அடுத்து மாமனார் திரும்பினார், இரண்டு தலையோடு. இரண்டிலும் வாய் புகைமூட்டம். செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

“எங்கப்பாவ என்ன செஞ்சு வச்சிருக்கீய?” என்றாள்.

மச்சான் மைக்கை என் கையில் திணித்தார். “மாப்ளே, என்னன்னு நீங்களே சொல்லுங்க.”

என் லேப்டாப் திரைதான் பெரிய திரையிலும் தெரிந்தது. பிளகினின் நிரலைத் திறந்தேன். ஊரே பார்த்தது. ஒரு வரியில் ‘10’ அப்படியே உட்கார்ந்திருந்தது. முன்படத்துக்கும் பின்படத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் பத்துக்கு மேல் போனால்தான் ஆள் அசைகிறான் என்று அர்த்தம். 255-க்கு அது சரி. மொத்தமே ஒன்றுதான் என்ற பிறகு பத்தைத் தாண்டுவது எப்படி? அசையாதவன் என்று நினைத்து, முன்படத்தையும் பின்படத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டது பிளகின்.

“பத்த... இருநூத்தி அம்பத்தஞ்சால வகுக்கணும். மறந்துட்டேன்,” என்றேன் மைக்கில். என் வாழ்நாளில் நான் ஆற்றிய ஒரே சொற்பொழிவு அதுதான்.

திருத்தினேன். அந்தக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டினேன். பந்தியில் பாயசம் வருவதற்குள் முடிந்தது. திரையில் மாமனார் ஒற்றைத் தலையோடு திரும்பிச் சிரித்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி.

“ஏட்டி, ஒன் பல்லுதான்!” என்றார் மச்சான். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அசையாத வரிசையை வைத்து நான் சோதித்த கதையைச் செல்வி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், மேடையில் வரிசையாக நின்றதும் யாராவது கத்துவார்கள்: “மாப்ள டெஸ்ட் பண்ணணும்லா, எல்லாரும் ஆடுங்க வே!” முழு வரிசையும் கையை ஆட்டும், தலையை ஆட்டும். வீடியோக்காரர் திட்டுவார். நடுவில் செல்வி, பல் இடைவெளி தெரிய, வாயைப் பொத்தாமல் சிரித்துக்கொண்டிருப்பாள்.