கண் திறந்த குதிரைகள்

பதினெட்டுச் சிலேட்டிலும் பதினெட்டுக் குதிரைகள் நின்றன. ஒன்றுக்கும் கண் இல்லை.

டிராயிங் வாத்தியார் ராயப்பன் ஒவ்வொரு சிலேட்டையும் மறுபடி எட்டிப் பார்த்தார். இன்னும் அரை மணி நேரத்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார். பசுமலைக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன மிஷன் பள்ளிக்கூடத்தில், டிராயிங் என்பது வேண்டாத பாடம் என்று நிர்வாகம் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் தம் நோட்டில் ஒரு நல்ல வரி எழுதினால் வேலை நிற்கும். எழுதாவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து ராயப்பன் தம் வீட்டுச் சுவரில்தான் படம் போட வேண்டும்.

"ஏன் புள்ளைகளா, ஒருத்தரும் கண்ணு வைக்கல?"

இரண்டாம் வகுப்பின் முன்வரிசையிலிருந்து செல்லக்கிளி எழுந்தாள். மேசைமேல் இருந்த மண்குதிரை அவள் கொண்டுவந்தது. அவள் அப்பா சோணை, அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்து கொடுக்கிற வேளார்.

"அந்தக் குதிரைக்கே கண்ணு இல்லையே சார். பாக்குறதைத்தான போடச் சொன்னீக."

சொன்னது நிஜம். மூன்று மாதமாக அதைத்தான் தொண்டை வறளச் சொல்லியிருந்தார். பாடம் இவ்வளவு அழகாக ஏறியதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர் வியர்த்துப்போய் நின்றார்.

"உங்கப்பா ஏம்மா கண்ணு வைக்கல?"

"அது கடைசியிலதான் சார். கோயில்ல வச்சு, சேவல் அறுத்துத்தான் தொறப்பாக."

"இது சிலேட்டுக் குதிரை. இதுக்குச் சேவல் வேண்டாம். ஆளுக்கொரு கண்ணு வைங்க."

ஒரு குச்சியும் அசையவில்லை. ராயப்பன் கடியாரத்தைப் பார்த்தார். பிறகு தாமே ஒரு சிலேட்டுக்குச்சியை வாங்கி, வரிசை வரிசையாகக் குனிந்து, பதினெட்டுக் கண்களையும் வைத்தார். நல்ல கண்கள். பார்த்தால் திரும்பிப் பார்க்கும்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பிள்ளைகள் சிலேட்டுகளைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு அவற்றின் முன்னால் கைகூப்பி நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை விக்டோரியா உள்ளே வந்தார். கணக்குப் பாடமும் அவருடையதுதான். இந்த வகுப்பு ஒரு மாதமாக ஏழாம் வாய்ப்பாட்டில் முட்டிக்கொண்டு நின்றதில் அவருக்குத் தலைவலியே வந்திருந்தது.

"படத்தை அழிங்க. இன்ஸ்பெக்டர் மொதல்ல கணக்குத்தான் கேப்பாராம்."

"அப்ப படம், டீச்சர்?"

"அப்புறமா திரும்பப் போடட்டும், ராயப்பன் சார். உங்க குதிரையால கணக்குக் கெட்டுச்சுன்னா டிராயிங்கை நானே எடுக்கச் சொல்லிருவேன்."

ராயப்பன் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "அழிங்கப்பா."

சாதாரண நாளில் இந்தப் பிள்ளைகள் சிலேட்டில் எச்சில் துப்பிக் கையால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார்கள். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்கள். இன்று ஒருவர் வாயிலும் எச்சில் ஊறவில்லை.

"கண்ணு தொறந்த சாமிய எச்சி தொட்டு எப்பிடி டீச்சர் அழிக்கிறது?" என்றாள் செல்லக்கிளி.

ராயப்பன் ஈரத்துணியை எடுத்தார். முதல் குதிரையின் வாலில் துணி பட்டதும் விருமாண்டி ஓவென்று அழுதான். மற்ற பதினேழு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து வகுப்பு, விஷயம் என்னவென்று தெரியாமலே, துணைக்கு அழுதது.

பியூன் நல்லகாமன் ஓடிவந்தான். சுவரோரம் பார்த்தவன், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"என்ன சார், இம்புட்டுக் கண்ணையும் நீங்களா தொறந்தீக? ஒரு தேங்காயாச்சும் ஒடச்சு வழியனுப்பிட்டுத்தான் இனிமே கை வைக்கணும்."

"மிஷன் பள்ளிக்கூடத்துல தேங்காயா?" என்றார் விக்டோரியா. அழுகை இன்னும் ஒரு சுருதி ஏறியது. அவர் கண்ணை மூடிச் சிறிது நேரம் ஜெபித்தார். "வாசப்படிக்கு வெளிய வச்சு ஒடைங்க. நான் பாக்கல."

எதிர்க்கடையிலிருந்து தேங்காய் வந்தது. நல்லகாமன் ஓங்கி உடைத்தான். அப்போதுதான் ஜட்காவிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டரின் பூட்சில் தேங்காய்த் தண்ணீர் தெறித்தது.

"என்ன இது?"

"சாமிய வழியனுப்புறோம் எசமான்," என்றான் நல்லகாமன்.

ராயப்பனுக்கு ஜூன் மாதம் கண்ணெதிரே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் பூட்சைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போவதற்குள் தேங்காய் பங்காகிவிட்டது. சுவரோரம் பதினெட்டுக் குதிரைகள் அவரையே பார்த்தன.

"ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டார்.

பதினெட்டு வாயிலும் தேங்காய்.

"சரி, சிலேட்டில எழுதிக் காட்டுங்க."

பிள்ளைகள் குதிரைகளைப் பார்த்தார்கள். கைகூப்பினார்கள். செல்லக்கிளி மட்டும் மென்றதை விழுங்கிவிட்டு, "சாமி இன்னும் போகல சார்," என்றாள்.

"தேங்காய்தான் உடைச்சாச்சே. எப்பப் போகும்?"

"மத்தியானம் ஆயிரும் சார்."

இன்ஸ்பெக்டர் மண்குதிரையைப் பார்த்தார், சிலேட்டுகளைப் பார்த்தார், வியர்வையில் நனைந்த ராயப்பனின் சட்டையைப் பார்த்தார். மீசை லேசாக அசைந்தது. நின்றபடியே நோட்டில் எழுதினார்.

'சித்திரம்: பிள்ளைகள் கண்ணால் கண்டதை வரைகிறார்கள், வரைந்ததை மதிக்கிறார்கள். இப்பாடம் தொடர வேண்டும். கணக்கு: சோதிக்க இயலவில்லை.'

அவர் நோட்டை நீட்ட, ராயப்பன் அதை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. ஜட்கா கண்ணுக்கு மறைகிறவரை வாசலில் நின்றார். விக்டோரியா தலைவலித் தைலம் தேடி வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தப் பிள்ளைகளின் பக்தியல்லவா சோறு போட்டது என்று ராயப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. தாமே ஒரு தரம் அந்தக் குதிரைகளைக் கும்பிட்டால்தான் என்ன, கர்த்தர் கோபித்துக்கொள்ளவா போகிறார் என்று நினைத்தபடி வகுப்புக்குள் நுழைந்தார்.

பதினெட்டுப் பேரும் சிலேட்டில் எச்சில் துப்பிக் குதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடேய், என்ன பண்றீக? சாமி மத்தியானந்தான் போகும்னியேம்மா?"

செல்லக்கிளி கடைசிக் கண்ணையும் கையால் இழுத்துத் துடைத்தாள்.

"வாய்ப்பாடு கேக்க வந்தவுகதான் போயிட்டாகளே சார். இனிமே சாமி எதுக்கு?"