வயதுக்கு ஒரு பேரம்

"அவருக்கு நான் அம்மாவா? ஏம்ப்பா, உனக்கு மனசாட்சி இருக்கா?"

வெந்நீர் வாளிக்குள் இருந்த காலை எடுக்காமலே நடிகை கத்தினாள். பாதிச் சத்தம்தான் வந்தது. மீதியைக் களைப்பு தின்றுவிட்டது.

"மெதுவாக்கா, லைன்ல இருக்காங்க," என்று மேனேஜர் போனைப் பொத்தினான். "சாரோட சொந்தப் படம். தமிழ், மலையாளம் ரெண்டுலயும் எடுக்கறாங்க. ஹீரோவோட அம்மா. இருபது நாள் வேலை."

அந்தச் சாரோடுதான் அவள் தமிழில் அறிமுகமானாள். தொடர்ந்து ஆறு படம் ஜோடி. ஆறிலும் மழையில் நனையவிட்டார்கள். சளி பிடித்ததுதான் மிச்சம் என்று மலையாளத்துக்குப் போனாள். அங்கே எட்டு வருடம் பாத்திரம் கழுவவிட்டார்கள். கழுவியதற்கு விருதும் கொடுத்தார்கள். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. ஒதுங்குவதற்கு முன்னால் அவளுக்கு ஒரே ஆசை: ஒரு படத்திலாவது மறுபடி அவருக்கு ஜோடியாக நின்றுவிட வேண்டும். அவரோ ஐம்பத்தெட்டு வயதிலும் இருபத்திரண்டு வயதுப் பெண்களோடு மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னைவிட நாலு வயசு மூத்த மனுஷனை நான் எப்படிப்பா பெத்திருப்பேன்? ஜோடி குடுக்க மனசில்லேன்னா போகட்டும். அம்மா மட்டும் கிடையாது. இறக்கச் சொல்லு."

"எதைக்கா?"

"வயசைத்தான்!"

மேனேஜர் போனில் குசுகுசுத்தான். "அத்தைன்னா சரியான்னு கேக்கறாங்க. எட்டு நாள்."

"அத்தைன்னா அவன் அப்பனுக்குத் தங்கச்சி. அப்பவும் ஒரு தலைமுறை மேலதானே நிக்கறேன்? வேணாம்னு வெச்சுடு."

கடைப்படி இறங்கி நாலு அடி நடந்தால் கடைக்காரன் கூப்பிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். கூப்பிட்டார்கள்.

"அக்கான்னா ஓகேவாம். ஆனா வெளியூர் அக்கா. வீடியோ கால்ல மட்டும் வரணும். முகம் கொஞ்சம் மங்கலா இருக்குமாம். ஒரு நாள் வேலை." மேனேஜர் தலையைச் சொறிந்தான். "போன்ல பேசற ஆளு ரெண்டு தடவை நிஜமாவான்னு கேட்டுட்டான்க்கா."

"ஒரே நாளா?"

"இருபதுல ஆரம்பிச்சோம். பேரம் பேசினது நீங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாளித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும், அவரைப் பெற்றவள் என்று ஒருத்தனும் சொல்ல முடியாதல்லவா?

"முடிச்சுடு," என்றாள்.

மறுநாள் கம்பெனித் தையல்காரர் டேப்பும் முனகலுமாக வந்தார்.

"திரும்பி நில்லுங்கம்மா. எல்லாம் வீண். அம்மா வேஷத்துக்கு உங்க பழைய அளவை வெச்சே தைச்சு முடிச்சாச்சு. சாருக்கும் உங்களுக்கும் ஒரே கலர்ல நாலு செட்டு. டூயட் வேற."

"அம்மாவுக்கும் மகனுக்கும் டூயட்டா? என்ன படம்யா எடுக்கறீங்க?"

தையல்காரர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"நாளைக்குத்தான் வெளிய சொல்லப்போறாங்க. உங்க மேனேஜருக்குக்கூடத் தெரியாது, அளவெடுக்கறவன்கிட்ட மறைக்க முடியுமா? ஹீரோ நம்ம சார் இல்லம்மா, அவர் மகன். சாருக்கு அப்பா வேஷம். தனக்குப் பொண்டாட்டியா நீங்கதான் வரணும்னு அவரே ஒத்தக் கால்ல நின்னாராம். நீங்கதான் அவருக்குத் தங்கச்சின்னாலும் ஒத்துக்காம, அவருக்கு மகளாத்தான் வருவேன்னு அடம் பிடிச்சீங்களாமே?"