ஓடாத காரை ஓட்டிக் காட்டிய கதை

மாஸ்டர் தன் காருக்குத் தானே சேறு பூசிக்கொண்டிருந்தார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. நண்பன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பன் கம்பி நீட்டிவிட, மாஸ்டர் மஞ்சள் கடுதாசி கொடுக்கும்படி ஆயிற்று. இனி அவருக்கென்று மிச்சமிருப்பது 'எல்' போர்டு மாட்டிய இந்தக் கார் ஒன்றுதான். அதையும் பார்வையிட கோர்ட்டிலிருந்து ஓர் அதிகாரியம்மா அன்று காலை வருவதாகத் தகவல்.

யோசனை சொன்னவன் மச்சான். "பளபளன்னு இருந்தா தூக்கிட்டுப் போயிடுவாங்க மாமா. குப்பை மாதிரி இருந்தா நம்மகிட்டயே விட்டுடுவாங்க."

சேறு போதாது என்று மச்சானுக்குத் தோன்றியது. பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றைக் கழற்றினான். முன்பக்க பம்பரைக் கயிற்றால் கட்டினான். அதோடும் மனம் ஆறாமல் பானெட்டைத் திறந்து, கைக்குக் கிடைத்த ஒயர்களைப் பிடுங்கிவிட்டான்.

அதிகாரியம்மா வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஓடுமா என்று கேட்டார்.

"எங்கே மேடம் ஓடுது? காயலாங்கடைக்காரன்கூட யோசிப்பான்" என்றார் மாஸ்டர், பெருமை முகத்தில் தெரியாமல்.

"ஓடுற வண்டியா இருந்தா உங்க தொழிலுக்குன்னு விட்டுட்டுப் போயிருப்பேன். ஓடாத வண்டி உங்களுக்கு எதுக்கு? காயலாங்கடைக்கே அனுப்பிடலாம்."

மாஸ்டர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடும் மேடம், சின்னக் கோளாறுதான் என்று மாஸ்டர் பானெட்டுக்குள் தலையை விட்டார். மச்சான் நினைவிலிருந்து ஒவ்வொரு ஒயராகச் சொருகினான். எஞ்சின் உயிர்பெற்றது. கூடவே ஹார்னும். அதை நிறுத்த எந்த ஒயரைப் பிடுங்கினாலும் எஞ்சின்தான் நின்றது. ஹார்ன் நிற்கவில்லை.

அதிகாரியம்மா காதைப் பொத்திக்கொண்டு, இதில் உண்மையிலேயே யாராவது கற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார் சுவரம்மா.

அது மாஸ்டர் வைத்த பெயர். எட்டு மாதமாக வருகிறார். அறுபது கடந்தவர், தனிக்கட்டை. வழி நெடுகக் கலகலவென்று பேசுவார். ஆனால் எந்தத் தெருவில் விட்டாலும் ஸ்டியரிங் ஏதாவதொரு சுவரைத் தேடித்தான் போகும். தன் பக்கத்தில் இருக்கும் பிரேக்கைப் போட்டுப் போட்டே மாஸ்டருக்கு வலது முட்டி தேய்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. இவங்க ஓட்டட்டும், நானும் வரேன்" என்று அதிகாரியம்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் பிரேக்கில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். காரோடு சேர்த்து அதிகாரியம்மாவையும் இழக்கப்போகிறோம் என்றுதான் நினைத்தார்.

ஹார்ன் அலற, கார் கிளம்பியது. எங்கும் இடிக்கவில்லை. மாஸ்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். சந்தை நெரிசல் விலகி வழிவிட, சுவரம்மா இரண்டு தள்ளுவண்டிகளுக்கு நடுவே நூல் பிடித்தமாதிரி போய்க்கொண்டிருந்தார். முட்டுச்சந்தில் ஒற்றைக் கண்ணாடியை வைத்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார். மறுபடி வீட்டு வாசலில் வந்து நிறுத்தியபோது கயிற்றில் தொங்கிய பம்பர்கூட ஆடவில்லை.

அதிகாரியம்மா இறங்கி, மாஸ்டரைப் புது மரியாதையோடு பார்த்தார். இப்படிக் கற்றுக்கொடுப்பவரிடமிருந்து வண்டியைப் பிடுங்கினால் பாவம் என்றார். கார் அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மச்சான் ஒருவழியாக ஹார்ன் ஒயரைக் கண்டுபிடித்துப் பிடுங்கினான். தெருவே மூச்சு விட்டது.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாசம் கத்தினது வீண் போகவில்லை, இனி உங்களுக்கு வகுப்பே தேவையில்லை, நேராக டெஸ்ட்டுக்குப் போகலாம் என்றார்.

சுவரம்மாவின் முகம் வாடிப்போயிற்று.

"அப்படிச் சொல்லிடுவீங்கன்னுதான் மாஸ்டர், இத்தனை நாளா சுவத்தைத் தேடித் தேடிப் போனேன். வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆளில்லை. இன்னிக்கு ஹார்ன் விடாம அலறவும் என்னை மறந்துட்டேன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் நான் ஆம்புலன்ஸ் ஓட்டினவ."