கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தவன்

சிங்கப்பூரில் உண்மையிலேயே விழித்திருந்த ஒரே ஆள் கிள்ளுதான். நீங்களும் நானும் காலையில் கண்ணைத் திறந்தோம், பல் தேய்த்தோம், ரயிலைப் பிடித்தோம் என்பதாலேயே விழித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு நாளாவது அதைச் சரிபார்த்திருப்போமா? கிள்ளு தினமும் சரிபார்த்தான். காலையில் ஒரு முறை, சாப்பிட்ட பிறகு ஒரு முறை, யாராவது நல்ல செய்தி சொல்லிவிட்டால் கூடுதலாக இரண்டு முறை.

சுவா சூ காங்கில் மின்தூக்கி பழுதுபார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். எந்த அடுக்குமாடி புளோக்குக்கு எந்த ஆள் போகவேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. போய் எண்ணெயும் கிரீஸுமாகத் திரும்பி வருவது அவன் வேலை. அவன் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடம் தாண்டியிருந்தது. ஒல்லியான உடம்பு. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவான், அதுவும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பதிவேட்டில் அவனுக்கு நீளமான, அழகான பெயர் ஒன்று உண்டு. அதை நான் படிவங்களில் எழுதியதோடு சரி. முதலாளியிலிருந்து வேன் ஓட்டும் சீன அங்கிள் வரை எல்லாருக்கும் அவன் கிள்ளு.

இது பிறவிக் கோளாறு இல்லை. ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தது. ஒரு புளோக்கில் பதினோராவது மாடியில் சக்கர நாற்காலியோடு ஒரு மலாய் அம்மா இருந்தார். அன்று பத்து மணிக்கு அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். மின்தூக்கிக் கதவு மூட மறுத்தது. விடிந்ததும் முதல் வேலையாக அதைச் சரிசெய்துவிட்டு, பிறகு இன்னொரு புளோக்குக்குப் போகவேண்டும் என்று நான் அவனுக்கு அட்டவணை போட்டிருந்தேன். எட்டரை மணிக்கு அவன் என்னைக் கைபேசியில் கூப்பிட்டு இரண்டும் முடிந்தது என்றான். நானும் முடிந்தது என்று குறித்துக்கொண்டேன்.

முடிந்தது இரண்டாவது மட்டும்தான். முதல் வேலையை அவன் விடிவதற்கு முன்னால், தன் கட்டிலில், கனவில் முடித்திருந்தான். திருகாணியை முறுக்கியது, கதவை மூன்று முறை மூடித் திறந்து பார்த்தது, அந்த அம்மாவின் மஞ்சள் பூனை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது எல்லாம் அவனுக்குத் துல்லியமாக நினைவிருந்தது. பட்டுச் சட்டை போட்ட நான்கு மருமகன்கள் அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பதினொரு மாடி இறங்கினார்கள். மாப்பிள்ளை வந்து அரை மணி நேரம் காத்திருந்தார்.

மறுநாள் கிள்ளு மன்னிப்புக் கேட்கப் போனான். அதற்குள் வேறு ஆள் போய் மின்தூக்கியைச் சரிசெய்துவிட்டிருந்தார். இருந்தும் பதினொரு மாடியையும் படியில் ஏறித்தான் போனான். அந்த அம்மா பெரிய மனசுக்காரர். அவனை உட்காரவைத்து, கல்யாண வீட்டுக் குவே பலகாரத்தைத் தட்டு நிறைய வைத்து, மருமகன்கள் மூச்சு வாங்கியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். அவன் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டு, பூனை எங்கே என்று கேட்டிருக்கிறான். தன் வீட்டில் எந்தக் காலத்திலும் பூனை இருந்ததில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த இல்லாத பூனைதான் அவனைப் பிடித்து உலுக்கியது. திங்கட்கிழமை காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, சட்டைக் கையைச் சுருட்டி, முன்கையை நீட்டினான்.

"அக்கா, கொஞ்சம் கிள்ளுங்க."

கிள்ளினேன். நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். பிறகு எங்கள் அலுவலகத்தில் காலை வணக்கம் சொல்வதுபோல் எல்லாரும் அவனைக் கிள்ளத் தொடங்கினோம். முதலாளி நகம் படாமல் நாசூக்காகக் கிள்ளுவார். சீன அங்கிள் கிள்ளித் திருகுவார், அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம். மூன்று வாரத்தில் அவன் இடது கை ரம்புத்தான் பழத்தின் சிவப்பு நிறத்துக்கு வந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை அவன் என்னிடம் கோபமாக வந்தான். நேற்று நான் மிகவும் அழுத்திக் கிள்ளிவிட்டேனாம், வீட்டுக்குப் போய் எண்ணெய் தடவவேண்டியதாகிவிட்டதாம். நேற்று நான் விடுப்பில் இருந்தேன். அதைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கனவிலும் வலிக்கிறது என்றால், இவ்வளவு நாளும் வாங்கிய கிள்ளுகளுக்கு என்ன மதிப்பு?

ஒவ்வொரு வேலை முடிந்ததும் படம் எடுத்து வைத்துக்கொள் என்று நான் யோசனை சொன்னேன். பத்து நாள் நன்றாகப் போயிற்று. பதினோராம் நாள் படம் எடுப்பதையும் கனவு கண்டான். கனவில் அவனுடைய கைபேசி இன்னும் தெளிவாகப் படம் எடுத்ததாம்.

பிறகு யாரோ, கனவில் எழுத்துகள் நிலைக்காது, ஒரு முறை படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மாறிவிடும் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பெயர்ப்பலகைகளை எல்லாம் இரண்டு முறை படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க தேக்கா சந்தைக்குப் போன நான், சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடை வாசலில் அவனைப் பார்த்தேன். பலகையை உற்றுப் பார்ப்பதும், முதுகைக் காட்டித் திரும்பி நிற்பதும், சட்டென்று மறுபடி திரும்பிப் பார்ப்பதுமாக நின்றுகொண்டிருந்தான். காவலாளி நெருங்கிவந்து என்ன வேண்டும் என்று விசாரித்தார். கிள்ளு பொய் சொல்லத் தெரியாதவன்.

"ஒண்ணுமில்ல அண்ணே. இது உண்மையா, போலியான்னு பாக்குறேன்."

வார விடுமுறைக் கூட்டத்தில் கடை நிரம்பி வழிந்த நேரம். வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வளையலைக் கழற்றி வைத்தார்கள். கடை முதலாளியே வெளியே வந்துவிட்டார். நான் ஓடிப்போய், தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன். காய்கறி வாங்க மறந்துவிட்டேன்.

கடைசியில் அவனே ஒரு சோதனையைக் கண்டுபிடித்தான். கனவு என்பது நம் தலைக்குள் நடப்பது, அதனால் நமக்குத் தெரியாத விஷயத்தைக் கனவில் வருகிற ஆள் சொல்லவே முடியாது. எனவே யாரைப் பார்த்தாலும், எனக்குத் தெரியாதது ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்க ஆரம்பித்தான். பூக்கட்டும் அக்கா மல்லிகை மொட்டை வாடாமல் வைக்கும் விதத்தைச் சொன்னார். மீன்கடைக்காரர் செவுளைப் பார்த்து மீன் பிடித்த நாளைக் கண்டுபிடிக்கும் விதத்தைச் சொன்னார். ரொட்டி பரோட்டாக் கடையில் ஒருவர் தன் மனைவியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்க, கிள்ளு எழுந்து ஓடிவந்துவிட்டான். சொன்னது சரியா என்று ஒவ்வொன்றையும் வேறு நான்கு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளவும் வேண்டும். கனவில் வருகிறவன் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டால்?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நான்கு வேலை முடிகிற நேரத்தில் அவன் ஒரு வேலைதான் முடித்தான். முடித்த மின்தூக்கிக்கே பாதி வழியில் திரும்பிப் போய் நின்றான். குடியிருப்பாளர்களின் புகார்கள் குவிந்தன. இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், அப்புறம் ஆளை மாற்றிவிடுவேன் என்று முதலாளி என்னிடம் சொல்லி, அதை அவனிடம் சொல்லும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார். சொன்னேன். நாற்காலி நுனியில் கால் ஆடுவது நின்றது.

"வேல போனா வேற தேடிக்கலாம் லா அக்கா. திரும்பவும் யாரையாவது தூக்கிட்டு எறங்க வெச்சிட்டேன்னா என்ன பண்றது?"

எனக்கு என் வீட்டிலேயே வேறொரு தலைவலி இருந்தது. அப்பாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. மதியம் தூங்கி எழுந்தால் தான் எந்த வருடத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. அம்மா எங்கே என்று கேட்பார். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று சொல்வேன். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. ஒவ்வொரு முறையும் அழுவார். பெற்ற தகப்பனிடம் பொய் சொல்லக்கூடாது என்பது என் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில், வார இறுதியில் இரண்டு நாளும் நான்கு மணிக்கு அம்மாவை அவருக்கு மறுபடி சாகடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வரும்போது அலுவலக அலமாரியின் சாவியை மறந்துபோய் என் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். அதை வாங்க கிள்ளு செம்பவாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அப்பா எழுந்து கூடத்துக்கு வந்து அம்மா எங்கே என்றார். நான் வழக்கம்போல் சொன்னேன். அப்பா வழக்கம்போல் சோபாவில் சரிந்தார். பிறகு வாசலில் நின்ற புது ஆளைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, இது கனவா?"

இந்த ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் கிள்ளு கேட்ட கேள்வி அது. அவனிடம் யாரும் கேட்டதில்லை. முன்கையை நீட்டச் சொல்வானோ, ஏதாவது படிக்கச் சொல்வானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவன் உள்ளே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில், முதுகு சாய, முழுசாக உட்கார்ந்தான்.

"தெரியல ஐயா. எனக்கும் அடிக்கடி இப்படித்தான் ஆவுது. சரியாத் தெரியுற வரைக்கும் ஒரு டீ குடிப்போமா?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீனி கம்மியாக என்றார்.

நான் அடுப்படியில் நின்று டீ போட்டேன். கூடத்தில் கிள்ளு தனக்குத் தெரியாதது ஏதாவது சொல்லும்படி கேட்பதும், தலைக்கு மேலே வெல்டிங் செய்யும்போது பொறி கழுத்துக்குள் விழாமல் எப்படி நிற்பது என்று அப்பா எழுந்து நின்று காட்டுவதும் கேட்டது. அந்த வாரமே கிள்ளு ஒரு வெல்டரைத் தேடிப் பிடித்து, அது சரிதான் என்று உறுதிசெய்துகொண்டான். எங்கள் வீடு கனவில்லை என்று ஆனதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை அப்பா அதையே மறுபடி சொன்னார். ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் இது செல்லாது என்று கிள்ளு ரகசியமாக என்னிடம் புகார் சொன்னான். இருந்தாலும் கடைசி வரை கேட்டான். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வந்து கேட்டான்.

நானும் மாறினேன். அம்மா எங்கே என்று அப்பா கேட்டால், நீங்களே சொல்லுங்கள், எங்கே போயிருப்பாள் என்று கேட்கத் தொடங்கினேன். சில நாள் கோயிலுக்கு என்பார். சில நாள் அவரே யோசித்து, போய்விட்டாள் இல்லையா என்பார். அழுகை குறைந்தது.

கிள்ளுவின் வேலையும் தப்பித்தது. ஒவ்வொரு மின்தூக்கியையும் முடித்துவிட்டு, அதே மாடியில் யாராவது ஒருவரை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை கிள்ளு கொண்டுவந்தான். கனவில் அத்தனை விதமான கையெழுத்தை ஒருவன் உண்டாக்க முடியாது என்பது அவன் கணக்கு. முதலாளிக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போய் எல்லாரையும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டார். மற்ற ஆட்கள் கிள்ளுவை ஒரு மாதம் திட்டினார்கள்.

ஏழு மாதம் கழித்து அப்பா மதியத் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, ஒரு விஷயத்தை கிள்ளுவிடம் மட்டும் சொன்னேன். காலையில் கண் விழித்த முதல் ஒரு நிமிடம் அப்பா பக்கத்து அறையில் இருப்பதாகவே தோன்றுகிறது, பிறகுதான் இடிக்கிறது என்றேன். சோதித்துப் பார்க்க ஏதாவது வழி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த ஸ்பேனரைப் பையில் போட்டான்.

"அந்த ஒரு நிமிஷத்த அவசரப்பட்டு முடிச்சிடாதீங்க அக்கா."

அவன் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறான். கல்யாணமாகி, செம்பவாங்கைத் தாண்டி ஈசூனில் குடித்தனம். போன மாதம் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, சுவா சூ காங்கில் நான் ஏறிய ரயில் பெட்டியிலேயே அவன் உட்கார்ந்திருந்தான். கருவிப் பையைக் கால்களுக்கு நடுவில் வைத்து, தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். எதிரே போய் உட்கார்ந்தேன். கிராஞ்சி, உட்லண்ட்ஸ் எல்லாம் போயின. அவன் அசையவில்லை. நான் இறங்கவேண்டிய செம்பவாங் வந்து கதவு திறந்தது. ஈசூனில் எழுப்பிவிட ஆள் வேண்டுமே என்று நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.