இலுப்பைக்கரையில் எல்லோரும் கேட்ட பாட்டு

இலுப்பைக்கரை நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். காட்டினால், ஏன் அந்தப் பக்கம் காட்டினாய் என்று விசாரணை வரும். எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்டில் ஆறு உண்டு, அரண்மனை உண்டு, அரிசிக் கடை உண்டு. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா, கடையில் அரிசி இருக்கிறதா என்று விசாரிக்க மட்டும் யாருக்கும் பொழுது இருந்ததில்லை. அவர்களுக்கு ஒற்றன் படம் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரண்மனையே எடுத்து வெளியிடும் படம் அது. கோட்டு போட்ட ஒற்றன் ஒருவன் மாடி விட்டு மாடி தாவி, நாட்டை எதிரிகளிடமிருந்து காப்பாற்றுவான். அந்த எதிரிகளை இதுவரை ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. அவ்வளவு திறமையாகக் காப்பாற்றியிருக்கிறான். படம் ஒரு பாட்டோடு தொடங்கும். அடுத்த படம் வரும்வரை, தெருவெங்கும் அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். மந்திரிகளின் பெயரைக் கேட்டால் முழிக்கும் ஜனங்கள்கூட, எந்தப் படத்துக்கு யார் பாடினார்கள் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

இந்த முறை அரண்மனை சம்பங்கியைத் தேர்ந்தெடுத்தது.

சாயக்காரத் தெருவில் தனியாகக் குடியிருந்த, இருபது வயதுகூட நிரம்பாத பெண். கதவைச் சாத்திக்கொண்டு, காதோடு ரகசியம் பேசுவது போலப் பாடுவாள். இளசுகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் படுத்து அவள் பாட்டைக் கேட்டார்கள். பெரியவர்கள் கேட்டதில்லை. கேட்காததால் அவர்களுக்கு அவளைப் பற்றி மிகத் தெளிவான அபிப்பிராயம் இருந்தது.

ஒற்றன் பாட்டு என்றால் கூரை அதிர வேண்டாமா, இந்தப் பெண் ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி முனகுகிறாளே என்றது ஒரு கூட்டம். ஒற்றன் என்றாலே ரகசியம்தான், ரகசியத்தைக் கூரை மேல் ஏறியா கத்துவார்கள் என்றது மற்றக் கூட்டம். முடிவெட்டும் கடையில் பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து போனார். நிச்சயதார்த்தம் ஒன்று நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கூரைக் கட்சியாம்.

இவ்வளவு கலவரத்திலும் சம்பங்கிக்கு ஒரே ஒரு கவலைதான். மெட்டுப் போட்டுவிட்டாள், அதைக் கோமளா கேட்க வேண்டும். கோமளா எதிர்வீட்டுக்காரி, வயதில் கொஞ்சம் மூத்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். சம்பங்கி எந்தப் பாட்டை உருவாக்கினாலும் முதலில் கோமளாவிடம்தான் பாடிக் காட்டுவாள். கோமளா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள், தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். பாட்டு முடிந்ததும், "நடுவுல பொய்யா அழுவுறடி" என்பாள். அந்த இடம் பொய்யாகத்தான் இருக்கும். கோமளா சரி என்று சொல்லாத எதையும் சம்பங்கி வெளியே விட்டதில்லை.

அந்த வாரம் கோமளாவின் சின்னவனுக்கு அம்மை போட்டிருந்தது. இறங்கட்டும், பாடிக் காட்டலாம் என்று சம்பங்கி காத்திருந்தாள். அதற்குள் அரண்மனைக்குப் பொறுப்பு வந்துவிட்டது.

மகாபிரதானி இராசகம்பீரர் முதல் ஆணையை வெளியிட்டார். மக்கள் இவ்வளவு ஆர்வமாக விவாதிப்பது நாட்டின் பெருமை. அந்தப் பெருமைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். எனவே குடிமக்கள் எல்லோரும் ஆதரவு அல்லது எதிர்ப்பு என்று பதிந்துகொண்டு, மணிக்கட்டில் அதற்குரிய நிறத்தில் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அரிசிக் கடையில் இனி இரண்டு வரிசை. மூட்டை என்னவோ அதே மூட்டைதான். இரண்டு வரிசைக்கும் இரண்டு தராசு, இரண்டு எடையாளர், இரண்டு மேற்பார்வையாளர் என்று போட்டதில், எந்த வரிசையில் நின்றவருக்கும் பழைய அளவில் பாதிதான் வந்தது. எதிர்ப்பு வரிசைக்காரர்கள் ஆதரவாளர்களைத் திட்டினார்கள். ஆதரவாளர்கள் பதிலுக்குத் திட்டினார்கள். தராசை ஒருவரும் திட்டவில்லை.

பட்டை கட்டத் தெருத்தெருவாக வந்தவர் வட்டச் செயலாளர் ஆவுடைநாயகம். சம்பங்கி வீட்டுக்கும் வந்தார்.

"ஆதரவா, எதிர்ப்பாம்மா?"

"நான் இன்னும் பாடவே இல்லீங்களே."

ஆவுடைநாயகம் தலையைச் சொறிந்தார். ஆதரவு என்று பதிந்தால் தற்பெருமைக் குற்றம். எதிர்ப்பு என்று பதிந்தால், அரண்மனை தேர்ந்தெடுத்த பாடகியை எதிர்த்த ராஜத்துரோகம். மகாபிரதானியிடம் ஓடிக் கேட்டுவிட்டு வந்து, நல்ல செய்தி கொண்டுவந்தவர் போலச் சிரித்தார்.

"நீ ரெண்டு பக்கமும் இல்லம்மா. நீ விவாதப் பொருள். பொருளுக்குப் பட்டை கிடையாது."

பட்டை இல்லாதவருக்கு வரிசை இல்லை. வரிசை இல்லாதவருக்கு அரிசி இல்லை. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கும் சங்கதிதான்.

அடுத்து, இரண்டாவது ஆணையின்படி, ஆதரவாளர்கள் அவள் வீட்டு வாசலிலேயே அவளுக்கு ஒரு கட்அவுட் வைத்தார்கள். மூன்று மாடி உயரம். அரண்மனை ஓவியர் அவளை நேரில் பார்த்ததில்லை என்பதால், எட்டுக்கல் மூக்குத்தி, இடுப்பில் துப்பாக்கி என்று பார்ப்பவர் கைகூப்பும்படி வரைந்திருந்தார். ஜன்னல் இரண்டும் மறைந்து, பகலிலும் விளக்குப் போட வேண்டியதாயிற்று. காலையில் ஆதரவாளர்கள் கட்அவுட்டுக்குப் பாலை ஊற்றுவார்கள். மாலையில் எதிர்ப்பாளர்கள் சாணியை அடிப்பார்கள். இரண்டும் வழிந்து சம்பங்கியின் வாசலில்தான் சேர்ந்தன. அவள் பின்வாசல் வழியாக நடமாடினாள். கட்அவுட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள், கொஞ்சம் ஓரமாய்ப் போம்மா, மறைக்கிறது என்று அவளிடம் சொன்னார்கள்.

பிறகுதான் அந்த மூன்றாவது ஆணை. கருத்துடையவர் எவரும் விவாதப் பொருளோடு பேசலாகாது. பேசினால் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கருத்தின் தூய்மை கெடும். மறுநாள் விடிந்ததும் அமலுக்கு வருகிறது, மீறுபவரின் பட்டை அறுக்கப்படும்.

அன்று மாலை சம்பங்கி பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கோமளா வீட்டுக்குப் போனாள். கோமளா கதவைப் பாதி திறந்தாள். மணிக்கட்டில் ஆதரவுப் பட்டை.

"ஒரு தடவ கேளுக்கா. மெதுவாத்தான் பாடுவேன். உள்ள வரக்கூட வேணாம், இங்கயே நிக்கிறேன்."

"விடிஞ்சாத்தானே சட்டம்" என்று கோமளா தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். வெகுநேரமாக அதே துணியை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"வேணாண்டி. ரெண்டு புள்ளைங்க இருக்கு. அந்தப் பாதி அரிசியும் போச்சுன்னா நான் எங்க போவேன்? உன் பக்கம்தானே கட்டியிருக்கேன், பாரு." பட்டையை உயர்த்திக் காட்டினாள். பிறகு ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு சம்பங்கியோடு பேசிய மனிதக் குரல் என்று எதுவும் இல்லை, ஆவுடைநாயகத்தைத் தவிர. அவருக்கு உத்தியோக முறையில் விலக்கு இருந்தது. எப்போது வந்து பாட வேண்டும் என்று அவள் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நாடு முடிவு செய்யட்டும், இப்போது பாடினால் விவாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று அவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டிய அறையில் அவள் மெட்டைத் தனக்கே பாடிக்கொண்டாள். எந்த இடம் பொய், எந்த இடம் நிஜம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும் ஆள் இருபதடித் தெருவுக்கு அந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கஞ்சிக் கிண்ணம் மட்டும் தினமும் பின்வாசலில் இருந்தது. யார் வைத்தது என்று சம்பங்கியும் பார்த்ததில்லை, கோமளாவும் பார்த்ததில்லை என்றுதான் தெருவில் பேச்சு.

படம் வெளியாகும் நாளும் வந்தது. சம்பங்கியைப் பாடக் கூப்பிடவே இல்லை.

கொட்டகையில் ஆதரவுக்கு வலப்பக்கம், எதிர்ப்புக்கு இடப்பக்கம். சம்பங்கி முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நுழைந்து, திரைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். வேறு யாரையாவது வைத்துப் பாடியிருப்பார்கள் என்று நினைத்தாள். ஒற்றன் கோட்டை உதறிக்கொண்டு வந்தான். 'பாடியவர்: சம்பங்கி' என்று எழுத்து விழுந்தது. அவ்வளவுதான். வலப்பக்கம் விசில், காகிதப் பூ, தகர டப்பா. இடப்பக்கம் ஊளை, செருப்பு. ஒற்றன் மாடி மாடியாகத் தாவி முடிக்கும்வரை கொட்டகை அடங்கவில்லை. சம்பங்கி ஒலிபெருக்கிப் பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. பெட்டியின் மரம் கூச்சலுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது.

வெளியே ஆவுடைநாயகத்தைப் பிடித்தாள். அவர் சங்கடப்படவே இல்லை.

"இந்தச் சத்தத்துல யாருக்கும்மா கேக்கப்போவுது? சும்மா எதுக்கு சின்னப் பொண்ணு தொண்டையக் கெடுக்கணும்னு மகாபிரதானி நெனச்சாரு. பெரிய மனசு."

யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் அதற்குள் நாடே பாட்டை அலசிக்கொண்டிருந்தது. சரணத்தில் சுருதி விலகியது என்றார் முடிவெட்டும் கடைக்காரர். விலகியது அல்ல, வேண்டுமென்றே வளைத்தாள், அதுதான் புதுமை என்றார் பாதி முடியோடு போனவர். அரண்மனை நான்காவது ஆணையை வெளியிட்டது. விவாதம் இனிதே முடிந்ததால் விவாதப் பொருள் என்ற பிரிவு நீக்கப்படுகிறது; பாட்டைக் கேட்டேன் என்று வாயால் சொல்லும் எவருக்கும் பட்டை உண்டு. கேட்காதவர் என்று ஒருவரும் நாட்டில் இருக்கக் கூடாது.

பேசத் தடை நீங்கியதும் கோமளா ஓடி வந்தாள். கட்அவுட்டின் கால்களுக்கு நடுவே புகுந்து, முன்வாசல் வழியாகவே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கேட்டேண்டி. எங்கியும் பொய்யே இல்ல. கடைசியில மூச்சு விடாம ஒரே இழுப்பா கொண்டுபோனியே, அந்த எடத்துல நான் அழுதுட்டேன்."

சம்பங்கி அவள் முகத்தையே பார்த்தாள். கோமளா பொய் சொல்லத் தெரியாதவள். இப்போதும் சொல்லவில்லை.

"எந்த எடம்க்கா? பாடிக் காட்டு."

கோமளா வெட்கப்பட்டுக்கொண்டே பாடினாள். அது சம்பங்கி போட்ட மெட்டு இல்லை. எங்கும் கேட்டிராத ஒன்று. அங்கங்கே தட்டியது. சம்பங்கி கடைசிவரை கேட்டாள்.

"சரியா வந்துச்சா?" என்றாள் கோமளா.

"சரியா இருக்குக்கா."

மறுநாள் காலை அரிசிக் கடையில் ஆதரவு வரிசை தெருமுனை வரை நின்றது. கடைசியில் முக்காடு இல்லாமல் சம்பங்கி நின்றாள். முன்னால் நின்ற பெரியவர் பொழுதுபோகாமல் திரும்பினார். மூக்குத்தியும் துப்பாக்கியும் இல்லாத அந்த முகத்தை அவர் எங்கும் பார்த்ததில்லை.

"புதுசா வரியாம்மா? பாட்டு கேட்டியா?"

பட்டை கட்டுபவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டேங்க" என்று சம்பங்கி கையை நீட்டினாள். "நல்லாத்தான் பாடியிருக்கா."