புகையை வெளியே நிறுத்தியது

கொஸ்லந்த
09.09.2004

அன்புத் தங்கை ஜெசிந்தினிக்கு அண்ணன் மத்தேயு எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். வெலிமடையில் நீயும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

மூச்சைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் மேல்மலை மானாப்புல்லுக்கு எவனோ தீ வைத்துவிட்டான். மூன்று நாள் புகை, எதிர் லயத்து வீடுகளே தெரியவில்லை. அன்றைக்கென்று பேப்பரில், கெட்ட காற்றை இரண்டு மூன்று நாள் சுவாசித்தாலே நெஞ்சு பலவீனமானவர்கள் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் சாகிறார்கள் என்று போட்டிருந்தது. எனக்குப் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்காவின் இழுப்பு நோய்தான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய், "அக்கா, பண்டாரவளையில மக வீட்டுக்குப் போயிருங்க" என்றேன். "நாப்பது வருசமா வெறகடுப்பு ஊதுறேன், இந்தப் பொகையா என்னைய கொல்லப் போகுது?" என்று சிரித்தார். விடுவேனா, எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து, ஜன்னல், கூரைத் தகர ஓட்டை எல்லாவற்றிலும் பழைய பேப்பரைப் பசை போட்டு ஒட்டி, கொழுந்து பறித்துவிட்டு உன் அண்ணி றோசாலி வந்ததும் கதவு இடுக்கிலும் சாக்கைத் திணித்து இறுக்கி அடைத்துவிட்டேன். அவள் வழக்கம்போல அடுப்பை மூட்டினாள். அவ்வளவுதான்! வெளிப் புகை உள்ளே வரலை, உள் புகை வெளிய போகலை. சாக்கு இறுகிக் கதவும் திறக்கலை. பாவம், அக்கா உதடு கறுத்து விழுந்துவிட்டார். நான்தான் கதவை உதைத்துத் திறந்து, அவரை ரோட்டுக்குத் தூக்கிப்போய், லீக்ஸ் மரக்கறி ஏற்றிய லொறியை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். "இன்னும் அரைமணி போயிருந்தா உசுரு தங்கியிருக்காது" என்றார் டாக்டர். மறுநாளே வீடு வந்தாயிற்று. நேற்று நல்ல மழை, மிச்சத் தீயும் அணைந்துவிட்டது. மூவரும் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். காற்று அவ்வளவு ருசியாக இருந்தது.

பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு.

உன் அண்ணன்,
மத்தேயு

பி.கு.: ஜெசிந்தினி, நான் றோசாலி எழுதுறேன். தபால்ல போடுறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்தேன். ஒதடு கறுத்து விழுந்தது ஒங்கண்ணன். தேயிலைப் பெக்டரித் தூசியில முப்பது வருசம் கெடந்த நெஞ்சுல்ல. கதவை ஒதச்சது, லொறியை மறிச்சது எல்லாம் தனலெட்சுமி அக்கா. பயப்படாத, இப்ப நல்லா இருக்காரு. அக்காகிட்ட கடுதாசியை வாசிச்சுக் காட்டினேன். "நானே விழுந்ததா இருந்துட்டுப் போகட்டும்டி, எழுதுறதுக்கு ஆளு உசுரோட இருக்காருல்ல"ங்கிறாங்க.